குளிர் எங்கே தேங்குகிறது?

ஏப்ரல் மாதம் வந்தால் பிரான்ஸிலிருந்து ஒரு புகைப்படம் தவறாமல் செய்தித்தாள்களுக்கு வந்துவிடும். விடியலுக்கு முந்தைய இருட்டு, திராட்சைக் கொடி வரிசைகள், வரிசைகளுக்கு நடுவே வாளி வாளியாக எரியும் மெழுகு. பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷாப்ளி என்ற சிற்றூரைச் சுற்றிய சரிவுகளில் எடுத்த படமாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்க அழகுதான். ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 500 வாளிகள் வேண்டும், ஓரிரு இரவுகளில் அவை எரிந்து தீர்ந்துவிடும், அதற்கடுத்த இரவும் குளிரலாம் என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழகு கொஞ்சம் மங்கும்.

எல்லாத் தோட்டத்திலும் எல்லா இரவும் நெருப்பு மூட்ட யாராலும் முடியாது. இன்றிரவு குளிருமா என்று வானொலி சொல்லிவிடும். என் நிலத்தில் எந்தத் துண்டு முதலில் கருகும் என்பதை வானொலி சொல்லாது. செலவைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். அதற்கு விடை தரவே உறைபனி ஆபத்து வரைபடங்கள் வந்திருக்கின்றன. மேடுபள்ளங்களின் உயர அளவுகளையும் வெப்பமானிகளின் பதிவுகளையும் கணினியில் சேர்த்து, நிலத்துக்குத் துண்டு துண்டாக வண்ணம் பூசித் தருகிறார்கள். அடர்நீலம் என்றால் ஆபத்து, வெளிர்மஞ்சள் என்றால் நிம்மதி.

இந்த வரைபடங்கள் நல்லவை, தேவையானவை என்பதே என் கட்சி. ஆனால் அவற்றை வாங்குகிறவர்களும், சில நேரம் விற்கிறவர்களும், அவற்றை வானிலை முன்னறிவிப்பு போலப் படிக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வகை இரவில் எந்த இடம் எந்த இடத்தைவிடக் குளிரும் என்ற வரிசையைத்தான் உறைபனி வரைபடம் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் கையைச் சுட்டுக்கொள்ள நேரும். எப்படி என்று பார்க்கக் கொடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு விஷயம் புதிதாக இருக்கும். கம்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் அறுவடைக்கு ஏற்பாடு செய்யலாம். பர்கண்டியில் இலையுதிர்ந்த கொடி நவம்பரிலிருந்து மார்ச் வரை கட்டை போல நிற்கும். அந்த நிலையில் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி குளிரையும் பெரும்பாலும் தாங்கிவிடும். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் மொட்டு வீங்கும், அதன் மேல் பஞ்சு போன்ற உறை தெரியும், பிறகு பச்சை நுனி எட்டிப் பார்க்கும், இலை விரியும். ஒவ்வொரு படியிலும் அதன் தாங்கும் சக்தி குறைகிறது. பஞ்சு மொட்டு ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி வரை தாக்குப்பிடிக்கலாம். பச்சை நுனி தெரிந்த பிறகு மைனஸ் 2ஐ ஒட்டியே சேதம் தொடங்கிவிடும். இரண்டு மூன்று இலை விரிந்த துளிருக்கு மைனஸ் 1 சொச்சமே போதும். துளிரில் நீர் மிகுதி, அந்த நீர் உறைந்தால் திசு கிழிந்துபோகும். மறுநாள் மதியத்துக்குள் பழுப்பாகித் தொங்கும்.

திராட்சை மொட்டுக்குள் துணை மொட்டுகளும் ஒளிந்திருக்கும். முதல் துளிர் போனால் அடுத்தது வரும். ஆனால் அதில் காய்ப்பு குறைவு. கொடி பிழைக்கும், அந்த ஆண்டு வருமானம் பிழைக்காது.

அப்படியானால் கேள்வி ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வித்தியாசத்தைப் பற்றியது. ஒரே இரவில், ஒரே ஊரில், 200 மீட்டர் இடைவெளியில் அந்த வித்தியாசம் எப்படி வருகிறது?

மேகமில்லாத வானம், அசையாத காற்று, ஈரம் குறைந்த வளி ஆகிய மூன்றும் கூடிய இரவில் நிலம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 70 முதல் 100 வாட் வரை இந்த இழப்பு இருக்கலாம். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மேகமற்ற இரவில் முதலில் குளிர்வது மண்ணும் இலையும். பிறகு அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்கிறது. அதனால் தரையருகே குளிராகவும் பத்து மீட்டர் உயரத்தில் இரண்டு மூன்று டிகிரி இதமாகவும் இருக்கும் தலைகீழ் நிலை உருவாகிறது. கோபுரத்தின் மேல் பெரிய விசிறியைச் சுழலவிட்டு மேல் காற்றைக் கீழே தள்ளும் தோட்டங்கள் நம்பியிருப்பது இந்தத் தலைகீழைத்தான்.

குளிர்ந்த காற்று கனமானது. நான்கு டிகிரி குளிர்ந்தால் கனம் சுமார் ஒன்றரை விழுக்காடு கூடுகிறது. அற்பமான அளவுதான், ஆனால் வேறு காற்று வீசாத இரவில் அது போதும். சரிவில் இருக்கும் குளிர்காற்று மெல்ல இறங்கத் தொடங்கும். மனிதர் நடக்கும் வேகம்கூட இருக்காது. இறங்கி, ஓடையோரச் சமவெளியில் சேரும். போக வழியில்லாத இடத்தில் தேங்கும். தேங்கிய பிறகும் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

நீலகிரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி விழுந்தது என்று ஊட்டியிலிருந்து செய்தி வரும்போது தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளின் பெயர்கள்தான் அடிபடும். பள்ளத்தில் புல் வெள்ளையாகக் கிடக்க, சற்று மேலே சரிவில் ஒன்றும் இருக்காது. தேயிலையிலும் கருகுவது பெரும்பாலும் பள்ளத்துப் பாத்திகளே. இயற்பியல் ஒன்றுதான். பர்கண்டியில் அது துளிர் விரியும் நேரத்தில் வந்து தொலைக்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஷாப்ளியின் நில அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் வரைபடம் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அங்கே ஒரே இடத்தில் தெரியும். செரான் என்ற சிற்றாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஊரின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 135 மீட்டர். ஆற்றின் வலக்கரையில் தென்மேற்கைப் பார்த்த குன்றுச் சரிவில் கிராண்ட் க்ரூ என்ற மிக உயர்ந்த தரநிலை பெற்ற, புகழ்பெற்ற ஏழு தோட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சுமார் 100 ஹெக்டேர். அவற்றின் அடிப்பகுதி ஆற்றுச் சமவெளியைத் தொடுகிறது. உலகின் விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களில் சிலவற்றைத் தரும் அதே தோட்டத்தின் கடைசி வரிசைகள், செரான் பள்ளத்தில் தேங்கும் குளிருக்குள் நிற்கின்றன. நடுச்சரிவு தப்பிக்கும். குளிர்காற்று அங்கே தங்காமல் இறங்கிவிடும், அதன் இடத்தை மேலிருந்து வரும் சற்றே இதமான காற்று நிரப்பும். இந்த நடுச்சரிவு இதப்பட்டையைக் கணினிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே கொடிக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் மேலே போகப் போகப் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் முதல் சறுக்கல். குன்றுகளின் தலையில் தட்டையான மேட்டுநிலங்கள் உண்டு. தட்டை நிலத்தில் உருவாகும் குளிர்காற்று இறங்க வழியில்லாமல் அங்கேயே படுத்துக்கொள்ளும். எனவே மேட்டுநிலத்துக் கொடிகளுக்கும் தங்கள் சொந்தக் குளிர் உண்டு. உயரத்தை மட்டும் வைத்து வண்ணம் பூசிய வரைபடம் இந்த இடத்தில் பொய் சொல்லும்.

1950களில் அடுத்தடுத்து வந்த உறைபனிகள் ஷாப்ளியை ஏறத்தாழ முடித்துவிட்டன என்றே சொல்லலாம். அப்போது மொத்தக் கொடிநிலம் சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல். நடுவில் நடந்தது உறைபனியோடு போராடக் கற்றுக்கொண்டது: எண்ணெய் அடுப்புகள், மெழுகு வாளிகள், முக்கியமாக நீர்த்தெளிப்பான்கள். துளிர் மேல் தொடர்ந்து நீர் விழுந்து உறையும்போது ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் சுழியத்தை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்கிறது. நீர் நின்றால் கதை தலைகீழ். ஒரு கிராம் நீர் ஆவியாக, உறைவதில் கிடைப்பதைப் போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும், அது துளிரிலிருந்தே பறிக்கப்படும். ஆகவே சூரியன் ஏறிப் பனிக்கட்டி உருகும் வரை தெளிக்க வேண்டும். ஹெக்டேருக்கு மணிக்கு 30 முதல் 50 கன மீட்டர் நீர் வேண்டும். பெய்ன் என்ற பக்கத்து ஊரில் இதற்காகவே ஓர் ஏரியை வெட்டினார்கள். குழாய், மோட்டார், ஏரி என்று ஒருமுறை புதைத்துவிட்டால் இடம் மாற்ற முடியாத முதலீடு இது. எங்கே புதைப்பது என்று சொல்ல வரைபடம் வேண்டும்.

வரைபடத்தின் முதல் பாதி நிலமேனி, அதாவது நிலத்தின் மேடுபள்ளம். இன்று இது மலிவாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ராடாரால் அளந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களில் உலகின் பெரும்பகுதிக்கு இலவசம். பிரான்ஸின் தேசியப் புவியியல் நிறுவனம் ஒரு மீட்டர் கட்டங்களில் உயர அளவுகளைத் தருகிறது. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சிச் சதுர மீட்டருக்குப் பத்து புள்ளி என்ற அடர்த்தியில் நாடு முழுவதையும் அது அளந்துவருகிறது. ராடார் தரவில் ஒரு கண்ணி உண்டு. காடு இருக்கும் இடத்தில் அது மர உச்சியைத் தரை என்று எண்ணிக்கொள்ளும். ஷாப்ளியின் குன்றுத் தலைகளில் காடுகள் இருப்பதால் இல்லாத மேடுகள் முளைத்துவிடும். லேசரில் மரத்தையும் தரையையும் பிரித்தெடுக்கலாம்.

இந்த உயர அளவுகளிலிருந்து கணினி சில குணங்களைக் கணக்கிடுகிறது. சரிவு எவ்வளவு செங்குத்து, எந்தத் திசையைப் பார்க்கிறது, சுற்றுப்புறத்தைவிட மேடா தாழ்வா, தரை உட்குழிந்ததா குவிந்ததா, அந்தப் புள்ளியிலிருந்து வானம் எவ்வளவு திறந்து தெரிகிறது, மேலே எவ்வளவு பரப்பிலிருந்து காற்று இந்தப் புள்ளிக்கு வடிந்து வரும். இந்தக் கடைசிக் குணத்தைக் கணக்கிட நீரியல்காரர்கள் எழுதிய மென்பொருளையே பலரும் கடன் வாங்குகிறார்கள். மழைநீர் எங்கே ஓடும் என்று பார்க்கும் அதே வாய்பாடு. குளிர்காற்றும் பள்ளம் நோக்கித்தான் போகிறது, அதனால் தவறில்லை என்று தோன்றும்.

தவறு ஒரு பொத்தானில் இருக்கிறது. நீரோட்டம் கணக்கிடும் முன் மென்பொருள் குழிகளை நிரப்பிவிடும். உயரத் தரவில் இருக்கும் சிறு குழிகளில் ஓட்டம் நின்றுபோனால் ஆறு கடல் சேராது என்பதால் நீரியல்காரர்கள் அவற்றை மட்டமாக்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள். உறைபனியைத் தேடுகிறவருக்குத் தேவைப்படுவதே அந்தக் குழிகள். நிரப்பிவிட்டால், குளிர் தேங்கும் கிண்ணம் வரைபடத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்துபோகும். வரைபடம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்; பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீருக்கும் காற்றுக்கும் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தேங்கிய குளிர்காற்றின் ஆழம் பத்து, இருபது மீட்டர்கூட இருக்கலாம். நீர் ஒழுகிப் போகும் சிறு வாய்க்கால் அதை வடிக்காது. ஒரு புதர்வேலியோ சாலைக்காகப் போட்ட மண்மேடோ ரயில்பாதைக் கரையோ குறுக்கே இருந்தால் அதற்கு மேல்புறத்தில் குளிர் அணைகட்டி நிற்கும். வேலியில் ஒரு திறப்பு விட்டாலே கீழ்வரிசைகள் காப்பாற்றப்படும் தோட்டங்கள் உண்டு. தோட்டத்தைப் பார்க்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த வரைபடத்தில் அந்த வேலி இருக்காது.

இரண்டாவது பாதியான வெப்பநிலைதான் கடினம். வானிலை நிலையங்களின் பதிவுகள் பல பத்தாண்டுகளுக்கு இருக்கின்றன, ஆனால் நிலையங்கள் குறைவு. அவை இருக்கும் இடமும் வசதிக்காகத் தேர்ந்தெடுத்ததே தவிரக் கொடிக்காக அல்ல. அங்கே வெப்பமானி வெண்ணிறப் பெட்டிக்குள் ஆள் உயரத்தை ஒட்டி இருக்கும். ஷாப்ளியில் கொடியின் துளிர் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், வானத்துக்கு நேரே திறந்து நிற்கிறது. அமைதியான இரவில் தரையருகே காற்று இன்னும் குளிராக இருக்கும், இலையோ அந்தக் காற்றைவிடவும் ஒன்றிரண்டு டிகிரி தாழ்ந்திருக்கக் கூடும். பெட்டிக்குள் சுழியம் என்றால் துளிருக்கு மைனஸ் 2 ஆகியிருக்கலாம். வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் டிகிரி எந்த உயரத்தில், எதனுடைய வெப்பநிலை என்று சொல்லப்படவில்லையானால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று தோன்றலாம். அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி இரவில் நிலப்பரப்பின் வெப்பத்தைப் பார்த்துவந்தது. அதன் கட்டம் ஒரு கிலோமீட்டர். ஷாப்ளியின் ஏழு கிராண்ட் க்ரூ தோட்டங்களும் சேர்ந்து ஒரு சதுர கிலோமீட்டர்தான். குன்றின் அடி, நடு, தலை மூன்றும் ஒரே எண்ணாகக் கரைந்துவிடும். மேலும் அது வானத்தைக் கடந்தது நள்ளிரவு ஒன்றரை மணியளவில். துளிரைக் கொல்லும் குளிர் சூரியோதயத்தை ஒட்டி வருகிறது. கடந்த காலத்தை மணிக்கு மணி திருப்பிக் கட்டித்தரும் ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவின் கட்டமோ ஒன்பது கிலோமீட்டர். இவற்றால் பயனில்லை என்று சொல்லவில்லை. எந்த இரவு தெளிவாக, அமைதியாக இருந்தது என்று பிரித்தெடுக்க இவை உதவும். எந்த வரிசை கருகும் என்று சொல்ல உதவாது.

ஆகவே நிலத்தில் இறங்கி வெப்பமானி நட வேண்டும். போர்தோவின் சான்ட் எமிலியோன் பகுதியில் 2010களில் ஆய்வாளர்கள் கொடி வரிசைகளுக்குள்ளேயே 90 வெப்பமானிகளைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் பதிவெடுத்தார்கள். ஷாம்பெய்ன் பகுதியில் மலிக்கா மடெலானும் ஜெரார் பெல்த்ராண்டோவும், நிலையங்களுக்கு இடைப்பட்ட இடங்களின் குளிரை நிலமேனியின் துணையோடு மதிப்பிட்டு வசந்தகால உறைபனியை வரைபடமாக்கும் வழியை 2005இல் வெளியிட்டார்கள். பிறகு வந்த பல வேலைகளுக்கும் அடிப்படைத் தர்க்கம் இதை ஒத்ததுதான். தெளிந்த, அமைதியான இரவுகளை மட்டும் தனியே எடு. ஒவ்வொரு வெப்பமானியும் பகுதியின் நிலையத்தைவிட எவ்வளவு தாழ்ந்தது என்று பார். அந்த வித்தியாசத்துக்கும் மேடுபள்ளக் குணங்களுக்கும் உள்ள உறவைப் புள்ளியியலால் கண்டுபிடி. அந்த உறவை வெப்பமானி இல்லாத இடங்களுக்கும் நீட்டு. கடைசியில் ஒவ்வொரு வெப்பமானியாக ஒளித்துவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணிக்க முடிகிறதா என்று சோதி.

இதன் அழகு, ஓரிரு வசந்தங்களின் வயல் பதிவையும் முப்பது ஆண்டு நிலையப் பதிவையும் இணைக்க முடிவதில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, எண்கள் விளக்கத்துக்காக மட்டும்: தெளிந்த இரவுகளில் உங்கள் கீழ்த்தோட்டம் நிலையத்தைவிடச் சராசரியாக மூன்று டிகிரி குளிர்கிறது என்று தெரிந்துவிட்டது. துளிருக்கு மைனஸ் 2 எல்லை என்றால், நிலையம் பிளஸ் 1 காட்டும் இரவிலேயே உங்களுக்குச் சேதம். முப்பது ஆண்டுப் பதிவில், துளிர்விட்ட பிறகு நிலையம் பிளஸ் 1க்குக் கீழே போன வசந்தங்கள் ஒன்பது என்றால், பத்தாண்டுக்கு மூன்று முறை அடி விழும் என்று கொள்ளலாம். வரைபடத்தின் அடர்நீலம் என்பது இத்தகைய எண்.

இப்போது அந்த மூன்று டிகிரியில் முக்கால் டிகிரி பிழை இருக்கலாம் என்று வையுங்கள். நல்ல ஆய்விலும் அந்த அளவு பிழை இயல்பு. எல்லை பிளஸ் கால் டிகிரிக்கும் பிளஸ் ஒன்றேமுக்காலுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. முப்பதில் ஒன்பது என்பது முப்பதில் ஆறாகவும் இருக்கலாம், பதிமூன்றாகவும் இருக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கும் இரண்டாண்டு சொச்சத்துக்கு ஒருமுறைக்கும் உள்ள தூரம் அது. விசிறி வாங்கும் கணக்கு இந்த இரண்டு முனைகளில் வெவ்வேறு பதிலைத் தரும். ஒரு மீட்டர் கட்டத்தில் அச்சிட்ட கூர்மையான வண்ண எல்லைகள் இந்தத் தடுமாற்றத்தை மறைத்துவிடுகின்றன. உயரத் தரவு ஒரு மீட்டர் நுணுக்கம் கொண்டது என்பதால் குளிரும் ஒரு மீட்டர் நுணுக்கத்தில் தெரிந்துவிட்டதாக ஆகிவிடாது. எல்லைக்கோடுகளை வேண்டுமென்றே மங்கலாக அச்சிடும் வரைபடங்கள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன. விற்பனைக்கு அவை எடுபடுமா என்பது வேறு விஷயம்.

மேலே போகிறபோக்கில் 'துளிர்விட்ட பிறகு' என்று எழுதினேன். பல வரைபடங்களில் விடுபடுவது அதுதான். மார்ச் 10இல் மைனஸ் 4 வந்தால் ஷாப்ளியின் திராட்சை ரகமான ஷார்டொனே கண்டுகொள்ளாது. ஏப்ரல் 25இல் மைனஸ் 2 வந்தால் போயிற்று. எனவே குளிர் வரைபடத்தின் மேல் துளிர்க்கும் நாளின் வரைபடம் ஒன்றைப் போர்த்த வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சேரும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போய், இந்த அளவு சேர்ந்தால் இந்த ரகம் துளிர்க்கும் என்று மதிப்பிடுவது வழக்கம். ஷார்டொனே முந்திக்கொள்ளும். போர்தோவில் மெர்லோ முந்தும், கபர்னே சோவினியோன் பிந்தும். கவாத்தைத் தள்ளிப்போட்டால் துளிரும் சில நாள் தள்ளிப்போகும். ஒரு சங்கடமும் இருக்கிறது. பகலில் நல்ல வெயில் வாங்கும் தெற்குச் சரிவில் கொடி முன்கூட்டியே துளிர்க்கும். இரவில் குளிர் குறைவான இடமாக இருந்தும் துளிர் முந்திவிட்டதால் ஆபத்தில் சிக்கலாம். குளிரை மட்டும் வரைந்த படத்தில் அந்தச் சரிவு வெளிர்மஞ்சளாக நிம்மதியாகத் தூங்கும்.

2021இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். அந்த மார்ச் இறுதியில் பிரான்ஸில் கோடை போல வெயில் அடித்தது. கொடிகள் விழித்துக்கொண்டன. ஏப்ரல் முதல் வாரத்தில் வடக்கிலிருந்து துருவக் காற்று இறங்கியது. ஏப்ரல் 7, 8 தேதிகளை ஒட்டிய இரவுகளில் நாட்டின் பெரும்பகுதியில் கொடிகளும் பழமரங்களும் கருகின. இருபத்தோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் மிகப்பெரிய வேளாண் பேரழிவாக இது இருக்கலாம் என்று அப்போதைய வேளாண் அமைச்சர் ஜூலியான் தெனோர்மான்தி சொன்னார். பிறகு பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு பிரான்ஸின் ஒயின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

உலக வெப்பம் ஏறும்போது உறைபனி குறையத்தானே வேண்டும் என்ற கேள்வி உடனே எழும். ஏப்ரல் குளிரின் கடுமை குறைந்துதான் வருகிறது. ஆனால் துளிர் அதைவிட வேகமாக முன்னால் நகர்கிறது. மத்திய பிரான்ஸை எடுத்துக்கொண்டு ஆராய்ந்த விஞ்ஞானிகள், வளர்பருவத்தில் இப்படியொரு உறைபனி வரும் வாய்ப்பை மனிதர் உண்டாக்கிய பருவநிலை மாற்றம் சுமார் 60 விழுக்காடு கூட்டியிருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். பிழை வரம்பு 20 முதல் 120 விழுக்காடு. முப்பது ஆண்டுப் பழைய பதிவை எண்ணிச் செய்த வரைபடம் நாளைய துளிர்நாளை அறியாது. துளிர் மாதிரியைத் தனியாகவும் குளிர் மாதிரியைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறையாவது முதலாவதைப் புதுப்பித்துச் சேர்ப்பதுதான் சரியான வழி.

2021 இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்த இரவுகளில் சில, நாம் மேலே பேசிய தெளிந்த அமைதியான இரவுகள் அல்ல. குளிரே வெளியிலிருந்து காற்றாக வந்தது. அப்படி வரும்போது தலைகீழ் அடுக்கு பலவீனமாக இருக்கும், விசிறியால் பெரிய பயனில்லை. மேட்டிலும் சரிவிலும் ஒரே மாதிரி குளிரும், காற்றுப்படும் முகடு பள்ளத்தைவிட மோசமாகக்கூட ஆகலாம். வழக்கமாகத் தப்பிக்கும் மேல்சரிவுகளும் பல இடங்களில் கருகின. வரைபடம் தோற்றுவிட்டது என்று சிலர் கைவிரித்தார்கள். அமைதி இரவுகளின் பதிவிலிருந்து கற்றுக்கொண்ட வரைபடத்தைக் காற்று இரவில் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். காற்றால் வரும் குளிருக்கு வேறொரு வரைபடம் வேண்டும். அத்தகைய இரவுகள் அரிது, பதிவுகளும் அரிது, அதனால் அந்த வரைபடம் எப்போதும் இதைவிட நம்பிக்கை குறைந்ததாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

பணம் வரும் இடத்தில் இந்த வேறுபாடுகள் முக்கியமாகின்றன. 2021க்குப் பிறகு பிரான்ஸ் தன் பயிர்க் காப்பீட்டை மாற்றியமைத்து 2022 மார்ச்சில் சட்டம் இயற்றியது. 2023 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிலத்துண்டு வாரியாக ஆபத்தை எண்ணாக்கும் கருவி கையில் இருக்கும்போது, காப்பீட்டுத் தொகைக்கும் நில விலைக்கும் அதை இழுக்கும் ஆசை வருவது இயல்பு. எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. எந்தத் துண்டில் முதலில் வாளி கொளுத்துவது, எங்கே கடைசியாகக் கவாத்து செய்வது, புதிதாக நடும்போது பள்ளத்தில் எந்த ரகத்தைத் தவிர்ப்பது ஆகிய முடிவுகளுக்கு வரிசை தெரிந்தால் போதும். வரிசையை வரைபடம் நன்றாகவே தருகிறது, முக்கால் டிகிரிப் பிழை இருந்தாலும் முதலிடமும் கடைசி இடமும் மாறாது. காப்பீட்டுக்கு வேண்டியது வரிசை அல்ல, துல்லியமான நிகழ்தகவு. ஆறுக்கும் பதிமூன்றுக்கும் இடையே அலையும் எண்ணை வைத்து ஒரு குடும்பத்தின் தவணைத் தொகையை நிர்ணயிப்பது, குறைந்தபட்சம் இப்போதைக்கு, நியாயமாகாது.

அந்த அலைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது, அதிகச் செலவும் இல்லை. வெப்பமானி வாங்கக் கொஞ்சம் பணம் கிடைத்ததும் மிகக் குளிரான பள்ளத்தில் இன்னொன்றை நடுவதுதான் எல்லோரும் செய்வது. பள்ளம் குளிரும் என்பது ஏற்கனவே தெரிந்த செய்தி. தெரியாதது, தேங்கிய குளிரின் மேல்விளிம்பு சரிவில் எந்த வரிசை வரை ஏறுகிறது என்பது. ஓர் இரவில் அது சாலையோடு நிற்கும், இன்னோர் இரவில் இருபது வரிசை மேலேறும். வெப்பமானிகளை அந்த விளிம்பின் குறுக்கே, அடியிலிருந்து நடுச்சரிவு வரை, துளிரின் உயரத்தில் வரிசையாக நட்டு, மார்ச் நடுவிலிருந்து மே மாதத்தின் நடு வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவெடுத்தால், இரண்டு வசந்தங்களில் வரைபடத்தின் மங்கலான பட்டை பாதியாவது சுருங்க வாய்ப்பிருக்கிறது. வேலியும் மண்மேடும் இருக்கும் இடத்தில் அதன் இருபுறமும் ஒவ்வொன்று வேண்டும்.